பாலத்தடி ஆட்டம்

மார்ச் 3

பெறுநர்: உதவிப் பொறியாளர், பூங்காக்கள் மற்றும் பொதுவெளிகள் பிரிவு

பொருள்: மேம்பாலத்தின் அடியில் நடக்கும் பந்தாட்டத்தை நிறுத்தக் கோருதல்

மதிப்பிற்குரிய அம்மையீர்,

மேம்பாலத்தை ஒட்டிய குடியிருப்பில் முதல் மாடியில் இருப்பவள் நான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. விடியும் முன் எழுந்து ஓடி, ஊரார் கையில் எல்லாம் ஊசி குத்திவிட்டு வீட்டுக்கு வந்து சற்றுக் கண்ணை மூடலாம் என்று படுத்தால், பாலத்தடியிலிருந்து டப் டப் என்று பந்துச் சத்தம். கூடவே கூச்சல். சின்னப் பிள்ளைகள் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆடுவதெல்லாம் கழுதை வயதானவர்கள். பார்சல் கொண்டுவந்து கொடுக்கிறவர், பல் டாக்டர், வங்கி வாசலில் காவல் நிற்கிறவர், இவர்கள் எல்லாரையும் மேய்க்க ஒரு லாண்டரிக்காரி. அவள்தான் அம்பயராம்.

இந்த அம்மையீர் எல்லாம் எனக்குச் சரிப்படவில்லை. உனக்கு இரட்டைச் சடை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் நான். ஆனாலும் இது மனுதான். சொந்தக் கடிதம் என்று நினைத்து மனப்பால் குடிக்காதே.

விஷயம் உன் அண்ணன். எங்கள் கட்டட லிஃப்ட் நேற்று மறுபடியும் மக்கர் பண்ணியது. வாழ்நாள் முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பார்த்த மனுஷருக்கு அந்தக் கரகர சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை போலிருக்கிறது. தடியை ஊன்றிப் படி இறங்கிப் போய்விட்டார். பக்கவாதம் வந்து எட்டு மாதமாக வாசலைத் தாண்டாதவர். நான் வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், வீடு திறந்து கிடக்கிறது, ஆளைக் காணோம். ஈரக்குலை நடுங்கிவிட்டது எனக்கு.

கடைசியில் எங்கே இருந்தார் தெரியுமா? பாலத்தடியில், தூணுக்குப் பக்கத்தில், வலது கையால் பந்தை அடித்துக்கொண்டு. அடித்துவிட்டு, இழுக்கிற இடது காலோடு எதிர்த் தூணுக்கு நடக்கிறார். அந்தப் பார்சல்காரர் பந்தை எடுத்து, முடியாத மனுஷர் என்றுகூடப் பார்க்காமல், முதுகிலேயே எறிகிறார். எறிந்துவிட்டு ‘அவுட்’ என்று குதிக்கிறார். என் வயிறு எரிந்தது.

அவர் கீழே விழுந்தால் யார் தூக்குவது? நான் ஒற்றை ஆள். ஆகவே அந்த ஆட்டத்தை உடனே நிறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
மனுதாரர்


மார்ச் 7

அண்ணி,

உங்கள் மனு பதிவாகிவிட்டது. அலுவலகப் பதில் தனியாக வரும். அதில் ‘பரிசீலிக்கப்படும்’ என்று இருக்கும். பரிசீலிக்கப்படாது.

போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன். அண்ணன் தானாக வெளியே போனான் என்பதை மனுவின் நடுவில், லிஃப்ட் கரகர சத்தத்துக்கும் உங்கள் ஈரக்குலைக்கும் இடையில் சொருகி வைத்திருக்கிறீர்களே, உங்களுக்கே நியாயமா? நான் அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆஸ்பத்திரி டாக்டர் என்ன சொன்னார்? நாக்கில் கோளாறு இல்லை, பேசலாம். காலும் பழகப் பழக வரும். மனசுதான் வைக்க வேண்டும் என்றார். நீங்களும் நானும் மாற்றி மாற்றிக் கெஞ்சினோம். இறங்கி வந்தானா?

அந்தப் பாலத்தடியை வடிவமைத்தவள் நான் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். நான்கு கல் மேசை போட்டு அவற்றின் மேல் சதுரங்கக் கட்டம் பதித்தேன். அதில் இப்போது எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். முதியவர்களுக்கு என்று உடற்பயிற்சிக் கம்பி நட்டேன். பார்சல்காரர்கள் அதில் மழைச்சட்டை காயப்போடுகிறார்கள். சறுக்குமரத்தில் ஒருவர் தினமும் தூங்குகிறார். வேலையை முடிக்கக் கையில் பணம் மிச்சமில்லாமல் இரண்டு தூண்களுக்கு நடுவே சும்மா விட்டேனே ஓர் இடம், அங்கேதான் ஆட்டம் நடக்கிறது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. மேலதிகாரி அந்த வெற்றிடம்தான் என் திறமை என்று கூட்டத்தில் பாராட்டினார்.

ஆட்டத்தை நிறுத்த மாட்டேன். ஆனால் முதுகில் எறிவது தப்புதான். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் கவலைப்படாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் மாத்திரையைப் பற்றி நான் கேட்ட கேள்விக்கு இன்னும் நீங்கள் கோபமாக இருக்கிறீர்கள் என்று தெரியும். கேட்ட விதம் தப்பு. கேள்வி தப்பில்லை.

பாப்பா


மார்ச் 14

பாப்பா,

கேட்ட விதம் தப்பு, கேள்வி தப்பில்லையா? நல்ல மன்னிப்பு. இதைச் சட்டம் போட்டு மாட்டி வைக்கிறேன். முப்பது பேர் நிற்கிற வராண்டாவில் ‘மாத்திரையை ஒழுங்கா குடுத்தீங்களா அண்ணி’ என்று நீ கேட்டது இன்னும் காதில் கேட்கிறது. அவர் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து, ஜன்னல் வழியே துப்புகிறவர் என்று உனக்குத் தெரியாதா? உன் கூடப்பிறந்தவர்தானே.

அதை விடு. நீ என்ன காரியம் செய்துவைத்தாய்?

உன் அண்ணன் தினமும் ஆட்டத்துக்குப் போனார். கதவைப் பூட்டிப் பார்த்தேன், கதவருகிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். சரி, தொலையட்டும் என்று விட்டேன். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், விளையாடிவிட்டு வந்தால் தட்டில் போட்டது காலியாகிறது. ஒரு நாள் தானே எழுந்து இரண்டாம் முறை போட்டுக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

போன திங்களன்று லாண்டரி வாசலில் நின்று பார்த்தேன். ஆட்டம் இவ்வளவுதான். ஒருவர் பந்து போட, தூணருகே நிற்பவர் உள்ளங்கையால் அடித்துவிட்டு எதிர்த் தூணைத் தொடப் போக வேண்டும். தொடும் முன் பந்து மேலே பட்டால் அவுட். ஓரமாகப் போய்த் தன் முறை வரும் வரை நிற்க வேண்டும். பல் டாக்டர் அவுட் ஆனார், முனகிக்கொண்டே ஓரமாகப் போனார். காவல்காரர் அவுட், அவரும் போனார். உன் அண்ணன் அடித்துவிட்டு நடந்தார். பார்சல்காரர் கையில் பந்து இருக்கிறது, கைக்கெட்டும் தூரத்தில் இவர் முதுகு இருக்கிறது. அந்த மனுஷர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஷூ லேஸ் கட்டுகிறார். மறுபடி ஆட்டம், மறுபடி லேஸ். ஒரு தடவை பந்து தானாக உருண்டு இவர் காலில் பட்டது. லாண்டரிக்காரி பாலத்தின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

இவர் எல்லாவற்றையும் பார்த்தார். காலடியில் கிடந்த பந்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, தடியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அன்றைக்குச் சாப்பிடவில்லை. என்ன என்று நச்சரித்தேன். ‘ஒப்புக்கு’ என்று ஒரே ஒரு சொல் சொன்னார். ஒப்புக்காவது ரெண்டு வாய் சாப்பிடுங்களேன் என்றேன். தட்டைத் தள்ளிவிட்டார். அப்புறம் போகவே இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருக்கிறார்.

லாண்டரிக்காரியிடம் சண்டைக்குப் போனேன். ‘எங்கிட்ட ஏன் கத்துறீங்க? ஆபீஸ்லேர்ந்து ஒரு அம்மா வந்தாங்க. அவர் மேல பந்து படக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாங்க’ என்றாள். கண்ணாடி போட்ட அம்மாவாம், இடுப்பில் கை வைத்துக்கொண்டு பேசினாளாம். நம் வீட்டில் வேறு யார் அப்படிப் பேசுவார்கள்?

அண்ணி


மார்ச் 17

அண்ணி,

ஆமாம், நான்தான். இடுப்பில் கை வைத்துக்கொண்டுதான் பேசினேன். முதுகில் எறிகிறார்கள், வயிறு எரிகிறது என்று எழுதியது யார்? நீங்கள் நிறுத்தச் சொன்னீர்கள். நான் நிறுத்தாமல், அவன் மேல் பந்து படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். இதற்கு எனக்கு ஏச்சு.

‘ஒப்புக்கு’ என்றால் சாப்பாடு இல்லை அண்ணி. ஒப்புக்குச் சப்பாணி.

எனக்கு ஐந்து வயது, அவனுக்குப் பதினைந்து. தெருவில் அவனுடைய கூட்டாளிகள் ஆடும்போது நான் அழுது புரண்டு உள்ளே நுழைவேன். அவன் எல்லாரையும் நிறுத்தி, ‘பாப்பா ஒப்புக்குச் சப்பாணி. யாரும் அவள அவுட் பண்ணக் கூடாது’ என்பான். சாயங்காலம் முழுக்க நானே அடித்துக்கொண்டிருப்பேன். பந்து மேலே பட்டாலும் அவுட் இல்லை. அவனுடைய கூட்டாளிகள் பல்லைக் கடித்துக்கொண்டு எனக்குப் பந்து போடுவார்கள். எனக்காக அவன் யாரிடமெல்லாம் சண்டை போட்டிருக்கிறான் தெரியுமா? என் வாழ்க்கையில் யாரும் எனக்கு அதைவிடப் பெரிய மரியாதை செய்ததில்லை. இந்த அலுவலகத்தில் நிச்சயம் இல்லை.

அதைத்தான் நான் அவனுக்குத் திருப்பிக் கொடுத்தேன். அவ்வளவுதான். அதைப் போய் அவமானமாக எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்வது? ஐந்து வயதுப் பிள்ளைக்கு இனித்தது ஐம்பத்தேழு வயது ஆளுக்குக் கசக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். சப்பாணி என்ற சொல்லின் அர்த்தம்கூட, அண்ணி, உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவன் காலை நினைத்துப் பாருங்கள். என் நாக்கைப் பிடுங்கிப் போடலாம் போலிருக்கிறது, நான் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லவேயில்லை என்றாலும்.

நீங்களும் யோசியுங்கள். மீன் முள்ளைக்கூட எடுத்துவிட்டுத்தான் அவன் தட்டில் வைக்கிறீர்கள். சட்டைப் பொத்தானை அவன் தொட்டு எத்தனை நாள் ஆயிற்று? நான் பாலத்தடியில் செய்ததை நீங்கள் வீட்டில் செய்கிறீர்கள்.

பாப்பா


மார்ச் 20

பாப்பா,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அப்புறம் குப்பையிலிருந்து எடுத்து மறுபடி படித்தேன். கடைசி நாலு வரிக்குத்தான் கிழித்தேன்.

அண்ணனும் தங்கையும் கொஞ்சிக் குலாவி வளர்ந்தீர்கள், நல்லது. அந்தக் கொஞ்சலுக்கெல்லாம் இப்போது பதில் சொல்கிறவள் நான். பொத்தான் போட அவருக்குக் கால் மணி நேரம் ஆகிறது, எனக்கு வேலைக்கு நேரமாகிறது, அதனால் போட்டுவிடுகிறேன். நீ வந்து நின்று பார்த்தால் தெரியும். உனக்கு எழுதுவது சுலபம்.

இருந்தாலும் நேற்றுக் காலை சட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் பாட்டுக்குப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் சட்டை கட்டிலில் அப்படியே கிடக்கிறது. பனியனோடு உட்கார்ந்திருக்கிறார். போட முடியாமல் இல்லை பாப்பா, போட்டுக்கொண்டு எங்கே போவது என்றுதான்.

நான் ரத்தம் எடுக்கும்போது ஊசியைப் பார்த்துப் பயப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் ஆகாது என்று ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். எனக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. அவர் விழுந்துவிடுவாரோ என்று எட்டு மாதமாகப் பயந்துகொண்டே இருக்கிறேன். குளியலறையில் ஏதாவது சத்தம் கேட்டால் கை வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். ஆனால் இந்த ஒரு வாரம் அவர் உட்கார்ந்திருக்கிற லட்சணத்தைப் பார்த்தால், விழுந்தவர்கூட இப்படி இருக்க மாட்டார்.

நீ போட்ட முடிச்சு, நீயே அவிழ்த்துவிடு. போய் அந்த லாண்டரிக்காரியிடம் சொல். பந்து படலாம் என்று சொல். முதுகிலும் படலாம். நான் மனுவைத் திரும்பப் பெறுகிறேன் என்று வேண்டுமானால் எழுதித் தருகிறேன்.

அண்ணி


மார்ச் 24

அண்ணி,

போனேன். மூக்குடைபட்டு வந்தேன்.

லாண்டரிக்காரி இஸ்திரிப் பெட்டியை நிறுத்தாமலே கேட்டாள். ‘அன்னைக்கு அடிக்காதன்னு சொன்னீங்க. இன்னைக்கு அடின்னு சொல்றீங்க. இது ஆட்டமா, உங்க ஆபீஸ் ஃபைலா?’ என்றாள். நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். நான்தான் இந்த இடத்தை வடிவமைத்தவள் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். அந்தச் சதுரங்க மேசையையும் நீங்கதான் போட்டீங்களா என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆட்டத்துக்கு யாரையும் அழைக்கிற வழக்கம் இல்லையாம். வருகிறவர் வர வேண்டும், அவ்வளவுதான். அண்ணன் வந்தால் பந்து படுமா என்று கேட்டேன். ‘படாம அடிக்கத் தெரிஞ்சா படாது’ என்றாள். பார்சல்காரர் மட்டும் வருத்தப்பட்டார். கையில் பந்தை வைத்துக்கொண்டு எறியாமல் இருப்பது தனக்கும் பெரிய தண்டனையாக இருந்ததாம். ஷூ லேஸே இல்லாத செருப்போடு ஒரு நாள் குனிந்துவிட்டு மாட்டிக்கொண்டாராம்.

நான் கிளம்பும்போது லாண்டரிக்காரி, ஆட்டத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர் ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போகலாமே என்றாள். எல்லாரும் பார்க்கிறார்கள். கைப்பையை மேசையில் வைத்துவிட்டுப் போய் நின்றேன். முதல் பந்தையே அடித்தேன் அண்ணி, நல்ல அடி. பாதி தூரம்கூடப் போகவில்லை, பார்சல்காரர் எறிந்தது தோளில் பட்டது. அவுட் என்று கை தூக்கிவிட்டாள். உடனே கோபம் வந்தது பாருங்கள், அப்படி ஒரு கோபம். சரியாகப் படவேயில்லை, புடவையில்தான் பட்டது என்று அரை மணி நேரம் வாதாடினேன். நாற்பத்தேழு வயதில் முதல் தடவையாக என்னை ஒருவர் அவுட் ஆக்கியிருக்கிறார்.

அண்ணனிடம் ஒன்றும் விளக்க வேண்டாம். பாப்பா முதல் பந்திலேயே அவுட் என்று மட்டும் சொல்லுங்கள்.

பாப்பா


மார்ச் 29

பாப்பா,

நீ செய்த வேலைக்கு நான் தலைவலித் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

சொல்லச் சொன்னதைச் சொன்னேன். சுவரைப் பார்த்து இருந்தவர் தலையைத் திருப்பினார். ‘யாரு எறிஞ்சா?’ என்றார். பார்சல்காரர் என்றேன். ‘எந்தப் பக்கம் ஓடினா?’ என்றார். எனக்கு எப்படித் தெரியும், நான் என்ன கூட ஓடினேனா என்றேன். நேராக ஓடியிருப்பா, மடச்சி என்று சொல்லிவிட்டுச் சட்டையை எடுத்தார். பொத்தானை மேலே கீழே மாற்றிப் போட்டார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நாலு நாளாகப் போகிறார். தினமும் அவுட் ஆகிறார். தினமும் ஓரமாக நின்று, தன் முறை வந்ததும் மறுபடி ஆடுகிறார். முந்தாநாள் முதுகில் பந்து பட்ட சிவப்பு. எண்ணெய் தேய்த்தேன். அதுவரைக்கும் சரி.

நேற்று என்ன ஆயிற்று என்றால், இவர் அடித்த பந்து உன் சறுக்குமரத்தில் தூங்குகிறவர் மேல் விழுந்துவிட்டது. அவர் எழுந்து பந்தைக் கொடுக்க மாட்டேன் என்று தகராறு. அந்த நேரத்தில் இவர் எதிர்த் தூண் வரைக்கும் போய்விட்டார். தடியைக்கூடப் பாதியில் போட்டுவிட்டாராம். தூணைச் சுற்றி உட்கார்வதற்குத் திண்டு கட்டி வைத்திருக்கிறாயே, அதில் காலை வைத்துவிட்டார், கை தூணுக்கு எட்டும் முன்னே பார்சல்காரர் பந்தைப் பிடுங்கி எறிந்து மேலே பட்டுவிட்டது. லாண்டரிக்காரி அவுட் கொடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தவர் வாயை மூடவே இல்லை. ‘காலு திண்டுல பட்டுச்சு. அதுக்கப்புறம்தான் பந்து பட்டுச்சு. திண்டும் தூணும் ஒண்ணுதானே? அவளுக்குக் கண்ணு இருக்கா இல்லையா?’ என்று கேட்டார். எனக்குக் கண் இருக்கிறதா என்றும் கேட்டார். டம்ளரைத் தூணாக வைத்து, தட்டைத் திண்டாக வைத்து, உப்பு டப்பாவைப் பார்சல்காரராக வைத்துக் காட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் என்ன சண்டை என்று வந்தார், அவரையும் உட்காரவைத்துக் காட்டினார். எட்டு மாதத்தில் பேசாததை எல்லாம் ஒரே மூச்சில் பேசித் தீர்த்தார். நான் சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் இன்னும் பேசுகிறார்.

முழங்கால் சிராய்த்திருந்தது. கேட்டதற்கு, விழுந்தேன் என்றார், ஏதோ கடைக்குப் போனேன் என்கிற மாதிரி. யார் தூக்கினார்கள் என்றேன். ‘யாரும் தூக்கல. எல்லாரும் அவுட்டா இல்லையான்னு சண்டை போட்டுட்டு இருந்தாங்க. நானும் எந்திரிச்சுப் போய்ச் சேந்துக்கிட்டேன்’ என்றார்.

இன்றைக்குக் காலையிலிருந்து ஒரே பிடிவாதம். திண்டு தூணில் சேருமா சேராதா என்று கட்டினவளே சொல்லட்டும் என்கிறார். அவர் தங்கை அவருக்கு எதிராகச் சொல்ல மாட்டாள் என்று லாண்டரிக்காரியிடமே சவால் விட்டுவிட்டு வந்திருக்கிறார். எழுத்தில் வேண்டுமாம். சீக்கிரம் பதில் போட்டுத் தொலை. என்னால் முடியவில்லை.

உன் நம்பரை எப்படித் திறப்பது என்று தெரியவில்லை. பரிசோதனைக் கூடத்தில் சின்னப் பெண் ஒருத்தி இருக்கிறாள், அவளிடம் கேட்கிறேன்.

அண்ணி


ஏப்ரல் 1

பெறுநர்: மேம்பாலத்தடி ஆட்டக்காரர், முதல் மாடி

பொருள்: தூண், திண்டு குறித்த விளக்கம்

ஐயா,

தங்கள் முறையீடு கிடைத்தது. வரைபடங்களைப் பார்த்தேன். நேற்று மாலை நேரிலும் சென்று, முட்டி போட்டுப் பார்த்தேன். லாண்டரி உரிமையாளர் உடனிருந்தார்.

தூண் என்பது பாலத்தைத் தாங்குவது. அது பாலத்தோடு சேர்ந்தது. திண்டு என்பது பொதுமக்கள் உட்கார்வதற்காக இந்தப் பிரிவு பின்னால் கட்டியது. இரண்டுக்கும் இடையே விரல் நுழையும் அளவு இடைவெளி விட்டிருக்கிறது. திண்டை நாளைக்கே இடித்துப் போட்டாலும் தூணுக்கு ஒன்றும் ஆகாது. எனவே திண்டைத் தொட்டவர் தூணைத் தொட்டவர் ஆகமாட்டார்.

உறவுமுறை காரணமாக இந்த முடிவில் எந்தச் சலுகையும் காட்டப்படவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். இதை எழுதுவதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அண்ணா, நீ அவுட்.

உதவிப் பொறியாளர்